லாத்வியர்களுக்கு ஆங்கில ஃபிரேசல் வெர்ப்பும் மரபுத்தொடரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

லாத்வியாவின் தலைநகர் ரிகாவில் பொறியியலோ மருத்துவமோ படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில். கூடப் படிப்பவர் லாத்வியர், இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். ஒருநாள் அவர் வந்து, "கிவ் அப், கிவ் இன், கிவ் அவே எல்லாம் எனக்குக் குழப்பமாக இருக்கிறது, கொஞ்சம் சொல்லிக் கொடேன்" என்பார். நாம் பள்ளியில் உருப்போட்ட பட்டியலை அவரிடம் நீட்டினால் வேலைக்கு ஆகாது. காரணம், நமக்கு அந்நியமாக இருந்த விஷயம் அவர் மொழியில் ஏற்கனவே இருக்கிறது. கிவ் அப் மாதிரி வினையும் பின்துண்டும் சேர்ந்து தனிப் பொருள் தருவதுதான் ஃபிரேசல் வெர்ப். ஆங்கிலம் வினைக்குப் பின்னால் வைக்கும் அந்தத் துண்டை லாத்வியம் வினைக்கு முன்னால் ஒட்டுகிறது. அதைக் காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிச் சிக்கல் அவர் நினைக்கும் இடத்தில் இல்லை.

இரண்டு மொழிகளின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், ஒலி ஏறக்குறையத்தான் இருக்கும். லாத்விய எழுத்தில் 'z' வரும் இடங்களிலும் 'ஸ்' என்றே போட்டிருக்கிறேன்.

முன்னால் ஒட்டுகிறது என்றால் எப்படி?

லாத்விய வினைகளுக்கு 11 முன்னொட்டுகள் உண்டு: அய்ஸ், அப், அத், இயெ, இஸ், நுவ, ப, பார், பியெ, ஸ, உஸ். 'இயெத்' என்றால் போ. 'இயெஇயெத்' உள்ளே போ, 'இஸ்இயெத்' வெளியே போ, 'அப்இயெத்' சுற்றிக்கொண்டு போ.

'எடு' என்ற வினையைப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் டேக், லாத்வியத்தில் 'ஞெம்த்'. ஒரு நிறுவனத்தைக் கைப்பற்றுவது ஆங்கிலத்தில் டேக் ஓவர், லாத்வியத்தில் 'பார்ஞெம்த்'. பார் என்றால் மேலாகக் கடந்து. வங்கியிலிருந்து பணம் எடுப்பது டேக் அவுட், அங்கே 'இஸ்ஞெம்த்'. தொப்பியைக் கழற்றுவது டேக் ஆஃப், அங்கே 'நுவஞெம்த்'. பொறுப்பை ஏற்பது டேக் ஆன், அங்கே 'உஸ்ஞெம்தியெஸ்'. பிடுங்கிக்கொள்வது டேக் அவே, அங்கே 'அத்ஞெம்த்'. இந்தக் கடைசிச் சொல்லுக்குக் கழித்தல் கணக்கு என்ற பொருளும் உண்டு. ஆங்கிலேயச் சிறுவர்களும் பத்தில் மூன்று போக என்பதை 'டென் டேக் அவே த்ரீ' என்றுதான் சொல்வார்கள். இதை ஒரு லாத்வியரிடம் சொல்லிப் பாருங்கள், ஆர்வமாக நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. நிகழ்ச்சிக்கு டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டால் ஆங்கிலத்தில் சோல்ட் அவுட். லாத்வியத்தில் 'இஸ்பார்துவத்ஸ்': 'இஸ்' வெளியே, 'பார்துவத்ஸ்' விற்கப்பட்டது. துண்டுக்குத் துண்டு ஒன்றுதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

அப்படியானால் முன்னொட்டை ஆங்கிலமாக்கிப் பின்னால் போட்டால் போதுமா?

போதாது. முதல் வாரம் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள், இரண்டாம் வாரம் அடிபடுவார்கள்.

விளக்கைப் போடுவது 'இயெஸ்லேக்த்', அணைப்பது 'இஸ்ஸ்லேக்த்'. 'இயெ' என்றால் உள்ளே, 'இஸ்' என்றால் வெளியே. அப்படியே மாற்றினால் டர்ன் இன், டர்ன் அவுட் என்று வரும். டர்ன் அவுட் த லைட் என்பது தப்பித் தவறிச் சரியாகிவிடும். ஆனால் டர்ன் இன் என்றால் தூங்கப் போவது. போதாக்குறைக்கு, 'இஸ்ஸ்லேக்த்' என்ற அதே சொல்தான் பள்ளியிலிருந்து ஒருவனை நீக்குவதற்கும். 'ஹி வாஸ் டர்ன்ட் ஆஃப் ஃப்ரம் ஸ்கூல்' என்று ஒருவர் சொன்னால், பள்ளி பிடிக்காமல் போய்விட்டது போலிருக்கிறது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். அங்கே வேண்டியது கிக்ட் அவுட் அல்லது எக்ஸ்பெல்ட்.

'அப்' இன்னும் பெரிய பொறி. லாத்விய 'அப்'புக்கும் ஆங்கில 'அப்'புக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒன்று, உறவு கிடையாது. லாத்விய 'அப்' என்றால் சுற்றி. ஆனாலும் முழுக்கச் சாப்பிட்டு முடிப்பதற்கு லாத்வியத்தில் 'அப்ஏஸ்த்', ஆங்கிலத்தில் ஈட் அப். இதைப் பார்த்து "ஆஹா, இரண்டும் ஒன்றே" என்று முடிவு கட்டினால், அடுத்த வார்த்தையிலேயே கவிழும்: குடித்து முடிப்பது ஆங்கிலத்தில் ட்ரிங்க் அப், லாத்வியத்தில் 'இஸ்த்ஸெர்த்', அதாவது 'வெளியே' குடிப்பது.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. ஈட் அப், ட்ரிங்க் அப் என்பவற்றில் வரும் 'அப்' மேலே போகும் திசை அல்ல, செயல் முடிந்துவிட்டது என்பதன் அடையாளம். தமிழில் அந்த வேலையை 'விடு' செய்கிறது: சாப்பிட்டுவிடு, குடித்துவிடு. லாத்விய முன்னொட்டும் பல நேரம் இதே வேலைதான் செய்கிறது. 'லஸீயு' என்றால் படித்துக்கொண்டிருந்தேன், 'இஸ்லஸீயு' என்றால் படித்து முடித்துவிட்டேன். ஆகவே நண்பருக்குச் சொல்ல வேண்டியது: திசை காட்டும் இடங்களில் முன்னொட்டை நம்பு, முடிவைக் காட்டும் இடங்களில் நம்பாதே.

ஒரு ஆங்கிலத் தொடருக்குப் பல லாத்விய வினைகள் வருகின்றனவே?

ஆமாம், உடுப்பு விஷயத்தில் நன்றாகத் தெரியும். சட்டை போடுவது 'உஸ்வில்க்த்', செருப்போ பூட்ஸோ மாட்டுவது 'உஸவ்த்', தொப்பியோ கண்ணாடியோ வைப்பது 'உஸ்லிக்த்'. ஆங்கிலத்துக்கு எல்லாமே புட் ஆன். குழாயை மூடுவதற்கும் விளக்கை அணைப்பதற்கும் லாத்வியத்தில் வேறு வேறு சொல், ஆங்கிலத்தில் இரண்டுமே டர்ன் ஆஃப். இதில் லாத்வியருக்கு லாபம்தான்: மூன்று சொல்லின் இடத்தில் ஒன்று. ஆனால் அவர் நம்ப மாட்டார். பூட்ஸுக்குத் தனிச்சொல் இருக்கத்தான் வேண்டும் என்று அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

'கிவ்' குடும்பம் ஏன் அவ்வளவு சிக்கல்?

லாத்வியத்தில் 'கொடு' என்பது 'துவத்'. அதற்கு முன்னொட்டுப் போட்டால் பொருள் எங்கெங்கோ போகும். 'பார்துவத்' விற்பது. 'நுவதுவத்' ஒப்படைப்பது, காட்டிக்கொடுப்பதும் அதுவே. 'அத்துவத்' திருப்பிக் கொடுப்பது, இது ஒன்றுதான் கிவ் பேக் என்று ஒழுங்காக உட்காரும். 'பியெதுவத்' என்றால் மன்னிப்பது.

மன்னிப்பில் கொஞ்சம் நிற்கலாம். ஆங்கில ஃபர்கிவ் என்பதைப் பிரித்தால் 'ஃபர்' கூட்டல் 'கிவ்'. லாத்வியத்திலும் முன்னொட்டு கூட்டல் 'கொடு'. பழைய ஆங்கிலமும் இன்றைய ஜெர்மனைப் போல முன்னொட்டுகளை நிறையப் பயன்படுத்திய மொழி. பிற்பாடு அவற்றில் பல உதிர்ந்து, துண்டுகள் வினைக்குப் பின்னால் போய் நின்றன. ஃபர்கிவ், அண்டர்ஸ்டாண்ட், ஓவர்கம் மாதிரி சில பழைய வடிவத்திலேயே தங்கிவிட்டன. ஆங்கிலத்தின் பழைய வழக்கத்தை லாத்வியம் இன்றும் வைத்திருக்கிறது என்று நண்பரிடம் சொல்லலாம், சந்தோஷப்படுவார்.

கிவ் அப்புக்கு வருவோம். சரணடைவது என்றால் 'பதுவதியெஸ்', இதிலும் 'கொடு' இருக்கிறது. ஆனால் சிகரெட்டை விடுவதற்கு இது வராது. அங்கே 'அத்மெஸ்த்', தூக்கி எறிவது. மனம் தளர்ந்து முயற்சியைக் கைவிட்டால் அதற்கு ஒரு மரபுத்தொடர்: துப்பாக்கியைப் புதரில் எறிவது. ஆங்கிலத்தில் மூன்றுக்குமே கிவ் அப் சரிதான். கடைசிக்கு மட்டும், குத்துச்சண்டையிலிருந்து வந்த த்ரோ இன் த டவல் இன்னும் எடுப்பாக இருக்கும். அங்கே துப்பாக்கி, இங்கே துண்டு.

'டர்ன் ஆஃப் இட்' என்று ஏன் சொல்கிறார்கள்?

லாத்வியர்களிடம் நான் அதிகம் கேட்ட தவறு இதுதான். முன்னொட்டு வினையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், நடுவில் எதுவும் நுழைய முடியாது. அந்தப் பழக்கத்தில் டர்ன் ஆஃப் என்பதையும் ஒரே சொல்லாக எண்ணி, 'இட்'டைக் கடைசியில் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் பிரியக்கூடிய தொடராக இருந்தால், இட், தெம், ஹிம் போன்ற சுட்டுப்பெயர்கள் நடுவில்தான் வர வேண்டும்: டர்ன் இட் ஆஃப். முழுப் பெயர்ச்சொல்லாக இருந்தால் எங்கே வைத்தாலும் சரி: டர்ன் ஆஃப் த லைட், டர்ன் த லைட் ஆஃப்.

விதியைச் சொன்னால் தலையாட்டுவார், அடுத்த வாக்கியத்தில் மறந்துவிடுவார். வேறு வழி இருக்கிறது. லாத்வியத்தின் பேச்சுவழக்கில் முன்னொட்டுக்குப் பதில் வினையடை போட்டுப் பேசுவார்கள். 'அதைத் தூக்கி வெளியே போடு' என்பதற்கு 'இஸ்மெத் துவோ' என்றும் சொல்லலாம், 'மெத் துவோ ஆரா' என்றும் சொல்லலாம். இரண்டாவதைப் பாருங்கள்: மெத், எறி, துவோ, அதை, ஆரா, வெளியே. அப்படியே ஆங்கிலமாக்கினால் த்ரோ இட் அவுட். சுட்டுப்பெயர் சரியாக நடுவில் நிற்கிறது! "சமையலறையில் உன் தம்பியிடம் எப்படிச் சொல்வாயோ அந்த வரிசையில் சொல்லு" என்றால் போதும், இலக்கணப் பாடம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. லுக் ஆஃப்டர், லுக் ஃபார், ரன் இன்டு போன்றவை பிரியாது. 'லுக் இட் ஃபார்' என்பது கிடையாது.

வினைக்குப் பின்னால் துண்டு வைக்கும் அந்தப் பேச்சுவழக்கு எங்கிருந்து வந்தது?

ஜெர்மன், லிவோனிய மொழிகளின் பாதிப்பை மொழியியலாளர்கள் காரணமாகக் காட்டுவார்கள். ரிகா 1201இல் ஜெர்மானிய ஆயர் ஆல்பர்ட் நிறுவிய நகரம். அதிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு நிலமும் வணிகமும் பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள் கையில் இருந்தன. திறப்பதற்கு 'தய்ஸீத் வல்யா', மூடுவதற்கு 'தய்ஸீத் ட்ஸியெத்' என்று லாத்வியர்கள் பேச்சில் சொல்வது ஜெர்மன்காரர் ஆஃப்மாகன், ட்ஸூமாகன் என்பதைப் போலவே இருக்கும். லிவோனியம் ஃபின்னிஷ் மொழியின் உறவு. லாத்வியக் கடற்கரையில் பேசப்பட்ட மொழி அது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2013இல் கனடாவில் காலமானார்.

எழுத்தில் இந்த வடிவங்களை லாத்விய ஆசிரியர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை, 'அத்வேர்த்' என்று முன்னொட்டோடு எழுதச் சொல்வார்கள். அதன் விளைவு அடுத்த கேள்வியில்.

ஃபிரேசல் வெர்ப் எல்லாம் கொச்சையா?

இல்லை. ஆனால் பல லாத்வியர்கள் அப்படி நினைக்கிறார்கள், மேலே சொன்ன பள்ளிப் பழக்கம் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், லாத்வியத்தில் தொலரேத், அக்ட்ஸெப்தேத், எலிமினேத் என்று லத்தீன் வழி வந்த சொற்கள் ஏராளம். டாலரேட், அக்செப்ட், எலிமினேட் என்று ஆங்கிலத்தில் உடனே வாயில் வருவது அவைதான். சத்தம் போடும் பக்கத்து அறைக்காரரைப் பற்றி 'ஐ கனாட் டாலரேட் ஹிம்' என்றால் இலக்கணம் சரி, ஆனால் புகார் மனு மாதிரி ஒலிக்கும். 'ஐ காண்ட் புட் அப் வித் ஹிம்' என்பதே வீட்டுப் பேச்சு. அதே சமயம் கேரி அவுட், செட் அப், பாயிண்ட் அவுட் போன்றவை ஆய்வறிக்கையில்கூடத் தாராளமாக வரும்.

ஃபிரேசல் வெர்ப் என்ற பெயரே அகராதிக்காரர்கள் தந்தது. ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி சொன்ன பெயர், 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் மூலம் அச்சில் பரவியது.

'த மில்க் எண்டட்' என்பது தவறா?

புரியும், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பால் தீர்ந்துவிட்டால் லாத்வியர் சொல்வது 'மன் பெய்ட்ஸாஸ் பியென்ஸ்', அதாவது 'எனக்குப் பால் முடிந்தது'. இதைக் கேட்டால் தமிழருக்கு வீட்டு ஞாபகம் வரும். நமக்கும் பால்தான் தீரும், நாம் தீர மாட்டோம். 'எனக்கு வீடு இருக்கிறது' என்பதும் அங்கே 'மன் இர் மாயா', அச்சு அசலாக அதே அமைப்பு. ஆங்கிலத்தில் ஆள் முன்னால் வந்துவிடுகிறார்: வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க். இந்த ஒரு தொடரைத் தமிழரும் லாத்வியரும் ஒன்றாக உட்கார்ந்து பழகலாம், இருவருக்கும் ஒரே இடத்தில்தான் இடிக்கும்.

எல்லாம் சரியாகச் சொன்னாலும் ஆங்கிலேயருக்குப் புரியவில்லையே?

அழுத்தத்தைக் கவனியுங்கள். லாத்வியச் சொற்களில் அழுத்தம் அநேகமாக எப்போதும் முதல் அசையில். நன்றி சொல்லும் 'பல்தியெஸ்' மாதிரி விதிவிலக்குகள் கொஞ்சம்தான். அந்தப் பழக்கத்தில் கிவ் அப் என்பதில் 'கிவ்'வை ஓங்கிச் சொல்லி 'அப்'பை விழுங்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் பின்துண்டில் விழும். பொருளைச் சுமப்பதும் அதுதான், அது காதில் விழாவிட்டால் கேட்பவருக்கு வெறும் 'கொடு' மட்டுமே மிஞ்சும். பெயர்ச்சொல்லானால் தலைகீழ்: விமானம் டேக் *ஆஃப்* ஆகிறது, அந்த நிகழ்வு *டேக்*ஆஃப். இந்தப் பெயர்ச்சொல் அழுத்தம் லாத்வியருக்கு இயல்பாகவே வரும்.

மரபுத்தொடர்களில் எவை அப்படியே பொருந்தும்?

சில பொருந்தும். கடலில் ஒரு துளி என்பது அங்கேயும் உண்டு, ஆங்கிலத்திலும் ட்ராப் இன் தி ஓஷன். ஊசி மேல் உட்கார்ந்திருப்பது போலத் தவிப்பதும் ஆங்கிலத்தின் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்ஸும் பக்கத்து வீடு.

பல தொடர்களில் யோசனை ஒன்று, பிராணி வேறு. ஆங்கிலத்தில் ஒரே கல்லில் இரண்டு பறவை, லாத்வியத்தில் ஒரே வேட்டில் இரண்டு முயல், நமக்கு மாங்காய். பார்க்காமல் வாங்கி ஏமாறுவது ஆங்கிலத்தில் பையிலிருக்கும் பன்றி, லாத்வியத்தில் பையிலிருக்கும் பூனை. நடக்கவே நடக்காது என்பதற்கு ஆங்கிலத்தில் பன்றி பறக்கும்போது. லாத்வியத்தில் ஆந்தையின் வால் பூக்கும்போது. எனக்குப் பிடித்தது ஆந்தைதான்.

உடம்பு வைத்துச் சொல்வதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். தேர்வுக்குப் போகிறவருக்கு லாத்வியர் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வார், ஆங்கிலேயர் விரல்களைப் பின்னிக்கொள்வார்: ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட். 'ஐ ஹோல்ட் தம்ப்ஸ் ஃபார் யூ' என்றால் லண்டன்காரர் விழிப்பார். விளையாட்டாக ஒருவரைக் கிண்டல் செய்வது லாத்வியத்தில் பல்லில் இழுப்பது, ஆங்கிலத்தில் காலை இழுப்பது, புல் சம்ஒன்ஸ் லெக். தமிழருக்கு இதில் ஒரு வார்த்தை: நம் 'காலை வாருவது' கிண்டலோடு நிற்காது, கவிழ்ப்பதும் அதில் சேர்த்தி. ஆங்கிலக் கால் இழுப்பில் வஞ்சகம் இல்லை.

எவற்றை மொழிபெயர்க்கவே கூடாது?

'எய் பெகுவத்' என்பதை. சொல்லுக்குச் சொல் 'போய்க் காளான் பறி', உண்மைப் பொருள் 'தொல்லை பண்ணாதே, போ'. இலையுதிர் காலத்தில் பாதி நாடு கூடையோடு காட்டுக்குள் போகும் ஊரில் இந்த வசவு பொருத்தமானதுதான். ஆங்கிலத்தில் யாரிடமாவது சொன்னால் நல்ல யோசனை என்று நன்றி சொல்லிவிடுவார். வேண்டியது கெட் லாஸ்ட்.

அதேபோல 'குட்டி வாத்துகளை ஊதுவது' என்றால் கதை விடுவது, ஆங்கிலத்தில் மேக் திங்ஸ் அப். 'நாய் புதைந்திருக்கும் இடம்' என்றால் விஷயத்தின் மூலகாரணம். ஜெர்மன்காரருக்குப் புரியும், ஆங்கிலேயர் எந்த நாய் என்று கேட்பார். பெண் கேட்டு மறுக்கப்பட்டால் 'சின்னக் கூடை கிடைத்தது' என்பார்கள், ஆங்கிலத்தில் ஷீ டர்ன்ட் ஹிம் டவுன். கொட்டும் மழைக்கு 'யாஞி நாளில் பெய்வது போல' என்பார்கள். ஜூன் 24இல் வரும் கோடைத் திருநாள் அது, அன்றைக்கு மழை நிச்சயம் என்பது ஊர்ப் பேச்சு. ஆங்கிலத்தில் இட்ஸ் போரிங் டவுன் என்றால் போதும். பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பதைப் பாடப்புத்தகங்கள் விடாமல் கற்பிக்கின்றன, தெருவில் அதைக் கேட்பது அபூர்வம்.

அப்பாவை உரித்து வைத்திருக்கும் பிள்ளையை 'அத்ஸிதியெஸ் தேவா' என்பார்கள், அப்பாவில் போய் மோதித் திரும்பியவன் என்கிற மாதிரி. ஆங்கிலத்தில் டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர். 'பிறகு எடுக்கிறான்' என்று பிரித்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

லாத்வியாவில் ரஷ்யன் பேசுகிறவர்களுக்கும் இதே விளக்கம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். ரஷ்யனிலும் வினைக்கு முன்னொட்டுகள்தான். 'மெத் துவோ ஆரா' உத்தி மட்டும் அவர்கள் லாத்வியமும் சரளமாகப் பேசினால்தான் உதவும்.

சொல்லிக்கொடுக்கும்போது எந்த வரிசையில் போகலாம்?

அகர வரிசைப் பட்டியல் வேண்டவே வேண்டாம். கெட் என்பதில் தொடங்கி இருபது அர்த்தங்களை ஒரே மூச்சில் கொடுக்கும் தாள்கள் பார்த்திருப்பீர்கள், எவருக்கும் ஏறாது. பின்துண்டை வைத்துச் சேர்ப்பது மேல். அவுட் எடுத்தால் முதலில் வெளியே போகும் திசை: கோ அவுட், டேக் அவுட். அப்புறம் தீர்ந்துபோவது: ரன் அவுட், சோல்ட் அவுட். அப்புறம் தெரியவருவது: ஃபைண்ட் அவுட், வொர்க் அவுட். ஒவ்வொன்றுக்கும் லாத்வியத்தில் என்ன முன்னொட்டு வருகிறது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். வொர்க் அவுட்டுக்கு 'இஸ்ரேட்கினாத்' வரும், 'இஸ்' பொருந்திவிட்டது. ஃபைண்ட் அவுட்டுக்கு 'உஸ்ஸினாத்' வரும், பொருந்தவில்லை. பொருந்தாதவற்றுக்கு மட்டும் தனிச் சீட்டு போடுங்கள், பொருந்தியவை தானாக நிற்கும்.

எடுத்துக்காட்டு வாக்கியம் அவருடைய வாழ்க்கையிலிருந்து வரட்டும். 'உஸவ்க்த்' என்பதற்கும் க்ரோ அப் என்பதற்கும் அமைப்பு ஒன்றே. ஐ க்ரூ அப் இன் லியெபாயா, அல்லது அவர் ஊர் எதுவோ அது.

லுக் ஃபார்வர்ட் டு என்பதற்குப் பின்னால் 'மீட்' வராமல் ஏன் 'மீட்டிங்'?

அந்த 'டு' வினையெச்சத்தின் டு இல்லை, திசை காட்டும் டு. அதனால் பின்னால் பெயர் மாதிரியான சொல்தான் வரும். லாத்வியத்தில் 'சந்திப்பை எதிர்பார்க்கிறேன்' என்று பெயர்ச்சொல் போட்டு இயல்பாகவே சொல்வார்கள். அந்தப் பெயர்ச்சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டால் தவறு வராது.